ரிச்சி பெனோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் வர்ணனை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ரிச்சி பெனோவின் பெயர் வந்து விடுகிறது. அவர் குரலை நேரலையில் கேட்டிராத இளம் வாசகர்கள் அவரைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் விடை எழுத முயன்றிருக்கிறேன். இந்த ஆஸ்திரேலியர் விளையாட்டு வீரராகத் தொடங்கி, செய்தியாளராகப் பயின்று, தொலைக்காட்சி வர்ணனையாளராக அரை நூற்றாண்டு பணியாற்றினார். அந்த மூன்று தொழில்களும் அவரிடம் எப்படி ஒன்றாயின என்பதுதான் என்னை நெடுநாளாக ஈர்த்து வரும் விஷயம்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

பெனோ என்றுதான் உச்சரிக்க வேண்டும். பிரான்சிலிருந்து வந்த மூதாதையரின் வழியில் அமைந்த பெயர் அது. தமிழ் நாளிதழ்களில் ‘பெனாட்’ என்றும் அச்சாகியிருப்பதைக் காணலாம். ஆங்கில எழுத்துகளை அப்படியே ஒலித்ததால் வந்த வழக்கு அது.

அவர் எங்கே பிறந்தார்? கிரிக்கெட் எப்படி வந்து சேர்ந்தது?

1930 அக்டோபர் 6 அன்று, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள பென்ரித் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லூ பெனோ பள்ளி ஆசிரியர். மணிக்கட்டைத் திருப்பிச் சுழல வைக்கும் லெக் ஸ்பின் பந்து வீசுபவர். ஓர் உள்ளூர் ஆட்டத்தில் எதிரணியின் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 20 விக்கெட்டுகளையும் தனி ஆளாக வீழ்த்தியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. மகனுக்குக் கையைப் பிடித்துப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தவர் அவரே. இளைய மகன் ஜான் பெனோவும் பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்காக 3 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடினார்.

ரிச்சி 18 வயதிலேயே மாநில அணியில் இடம் பெற்றார். அந்த இளம் வயதில் பந்து நெற்றியில் பட்டு மண்டையோடு முறிந்து மருத்துவமனையில் கிடந்ததும் உண்டு. மீண்டு வந்து 1952 ஜனவரியில், சிட்னியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தமது முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார்.

வர்ணனையாளராகத்தான் அவரைத் தெரியும். ஆட்டக்காரராக அவர் எவ்வளவு பெரியவர்?

மிகப் பெரியவர். 63 டெஸ்ட் ஆட்டங்களில் 248 விக்கெட்டுகள், 2,201 ரன்கள், 3 சதங்கள். டெஸ்ட் வரலாற்றிலேயே 2,000 ரன்களையும் 200 விக்கெட்டுகளையும் சேர்த்து எட்டிய முதல் மனிதர் அவர்தான். 28 டெஸ்ட் ஆட்டங்களுக்குத் தலைமை தாங்கி, 12-இல் வென்று, 4-இல் மட்டுமே தோற்றார். அவர் தலைமையில் ஆஸ்திரேலியா ஒரு தொடரையும் இழக்கவில்லை.

ஆனால் இந்த எண்கள் முதல் நாளிலிருந்தே சீராக ஏறி வந்தவை அல்ல. முதல் ஐந்தாறு ஆண்டுகள் அவர் அணிக்குள் இருப்பதும் வெளியே போவதுமாகவே கழிந்தன. 1953-இல் மூத்த லெக் ஸ்பின்னரான பில் ஓரெய்லி அவரிடம், எல்லா வித்தைகளையும் ஒரே நேரத்தில் காட்ட முயலாமல் அடிப்படையான லெக் பிரேக் (லெக் பக்கமிருந்து ஆஃப் பக்கம் திரும்பும் பந்து) ஒன்றையே துல்லியமாகத் தேற்றிக்கொள்ளும்படி அறிவுரை சொன்னார். பெனோ அதைக் கேட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வலைப் பயிற்சியில் அந்த ஒரே பந்தை வீசினார்.

அப்படி வீசியதில் விரல்களின் தோல் கிழிந்து புண்ணாகி, ஒரு கட்டத்தில் அவருடைய ஆட்ட வாழ்க்கையே கேள்விக்குறியானது. 1957-இல் நியூசிலாந்துப் பயணத்தின்போது திமரு என்ற சிறு நகரில் வேறொரு மருந்து வாங்க மருந்துக்கடைக்குச் சென்றிருக்கிறார். கடைக்காரர் அவருடைய விரல்களைப் பார்த்துவிட்டு, காலமைன் திரவத்தில் போரிக் அமிலப் பொடியைக் குழைத்துப் புண்ணில் தடவி வரும்படி சொன்னார். அந்தக் கலவை உலர்ந்து கெட்டியான தோல்போலப் படிந்து, புண்ணுக்குக் காப்பாக நின்றது. ஆடி முடிக்கும் வரையில் பெனோ அந்தச் சிறு குப்பியைத் தம் பையில் வைத்திருந்தார். ஊர் பேர் தெரியாத ஒரு கடையில் கிடைத்த அந்தக் கைமருந்து இல்லையென்றால், பின்னால் வந்த பெரும்பாலான விக்கெட்டுகள் வந்திருக்குமா என்பது ஐயமே.

சென்னையோடு அவருக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. அவருடைய டெஸ்ட் வாழ்க்கையின் மிகச் சிறந்த பந்துவீச்சு சென்னையில் நிகழ்ந்ததுதான். 1956 அக்டோபரில், அன்றைய மெட்ராஸ் கார்ப்பரேஷன் மைதானத்தில் (பின்னாளில் நேரு விளையாட்டரங்கமாக அறியப்பட்ட அதே இடம்) இந்தியாவின் முதல் இன்னிங்ஸில் 72 ரன்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளை எடுத்தார். 63 டெஸ்ட் ஆட்டங்களில் அதை அவர் மிஞ்சவேயில்லை. அடுத்த மாதம் கல்கத்தாவில் ஒரே டெஸ்டில் 11 விக்கெட்டுகள்.

1959-இல் அணித்தலைவராக மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். தொடரை வென்றாலும், கான்பூரில் ஜசு பட்டேல் ஒரே இன்னிங்ஸில் 69 ரன்களுக்கு 9 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஆஸ்திரேலியாவை இந்தியா முதன்முறையாக டெஸ்டில் வென்றதும் பெனோவின் தலைமைக்கு எதிராகத்தான்.

‘டை’ ஆன முதல் டெஸ்டில் அவருடைய பங்கு என்ன?

1960 டிசம்பர், பிரிஸ்பேன். மேற்கிந்திய அணிக்கு பிராங்க் வொரல் தலைவர், ஆஸ்திரேலியாவுக்கு பெனோ. கடைசி நாளில் ஆஸ்திரேலியாவுக்கு வேண்டியது 233 ரன்கள். 92 ரன்களுக்கு 6 விக்கெட்டுகள் போய்விட்டன. அந்நிலையில் எவரும் ‘டிரா’வை நோக்கித்தான் தடுத்து ஆடுவார்கள். தேநீர் இடைவேளையில் தேர்வுக்குழுத் தலைவரான டொனால்டு பிராட்மேன், என்ன செய்வதாக உத்தேசம் என்று பெனோவிடம் கேட்டார். வெற்றிக்குத்தான் ஆடப் போகிறோம் என்றார் பெனோ.

ஆலன் டேவிட்சனும் அவரும் சேர்ந்து 134 ரன்களைக் குவித்தனர். டேவிட்சன் 80 ரன்களில் ரன் அவுட். அக்காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு 8 பந்துகள். வெஸ் ஹால் வீசிய கடைசி ஓவரில் 6 ரன்கள் தேவை. பெனோ 52 ரன்களில் ஆட்டமிழந்தார். ஸ்கோர் சமமான நிலையில், ஒரு பந்து மீதமிருக்க, ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து ஒற்றை ஸ்டம்பைக் குறிவைத்து எறிந்த எறியில் கடைசி விக்கெட் வீழ்ந்தது. டெஸ்ட் வரலாற்றின் முதல் ‘டை’ அது. இன்றுவரை இரண்டே டெஸ்டுகள்தான் அப்படி முடிந்திருக்கின்றன. மற்றொன்று 1986-இல் நம் சேப்பாக்கத்தில், இந்தியாவுக்கும் அதே ஆஸ்திரேலியாவுக்கும் இடையில் நடந்தது.

அந்தத் தொடர் முடிந்தபோது, தோற்றுப்போன மேற்கிந்திய அணியை மெல்பர்ன் மக்கள் திறந்த கார்களில் ஊர்வலமாக அழைத்துச் சென்று வழியனுப்பினார்கள். மந்தமாகிக் கிடந்த டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு மீண்டும் கூட்டம் வரத் தொடங்கியதில் வொரல், பெனோ இருவருக்கும் சம பங்கு உண்டு.

வர்ணனைக்குள் எப்படி வந்தார்? ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் வருவதைப்போலத்தானா?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெனோவைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் இதில்தான் இருக்கிறது.

1956-இல் இங்கிலாந்துப் பயணம் முடிந்ததும், அணியின் மற்ற வீரர்கள் கிடைத்த சில வாரங்களைச் சுற்றுலாவில் கழிக்க, பெனோ லண்டனிலேயே தங்கி பிபிசி நடத்திய தொலைக்காட்சிப் பயிற்சியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 25 வயது. அணியில் இடமே உறுதியாகாத காலம். ஆஸ்திரேலியாவிலோ தொலைக்காட்சி அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. அங்கே அவர் கிரிக்கெட் வர்ணனையாளர்களை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை. குதிரைப் பந்தயத்தை வர்ணித்த பீட்டர் ஓசலவன், டென்னிஸுக்கு டான் மாஸ்கெல், கோல்ஃபுக்கு ஹென்றி லாங்ஹர்ஸ்ட் ஆகியோர் பணி செய்யும் முறையை அருகிலிருந்து பார்த்தார். இவர்களில் பின்னிருவர் பேசியதைவிடப் பேசாமல் விட்டதே அதிகம். டென்னிஸில் பந்து பறந்துகொண்டிருக்கும்போது பேசக்கூடாது. கோல்ஃபில் ஆட்டக்காரர் குறிபார்க்கும்போது பேசக்கூடாது. அந்த ஒழுக்கத்தைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தவர் பெனோ. அந்தப் பயிற்சியை முடித்துக்கொண்டு கிளம்பிய சில வாரங்களில்தான் மேலே சொன்ன சென்னை டெஸ்ட்.

இரண்டாவது பயிற்சி செய்தித்தாளில் கிடைத்தது. சிட்னியின் ‘தி சன்’ நாளிதழில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து வந்தவர், ஆசிரியர் குழுவுக்கு மாறக் கேட்டார். டெஸ்ட் ஆட்டக்காரர் என்பதால் விளையாட்டுப் பத்தி எழுதும் வாய்ப்பு எளிதாகவே காத்திருந்தது. அதை வேண்டாமென்று, குற்றச் செய்திப் பிரிவுக்கே போகிறேன் என்றார். நோயல் பெய்லி என்ற அனுபவமிக்க குற்றச் செய்தியாளரின் கீழ், காவல் நிலையங்களுக்கும் விபத்து நடந்த இடங்களுக்கும் அலைந்து, நடந்ததைச் சுருக்கமாகவும் பிழையில்லாமலும், அச்சுக்குப் போகும் நேரத்துக்குள்ளும் சொல்லப் பழகினார். ஒரு சொல் கூடினாலும் ஆசிரியர் வெட்டிவிடுவார். மைதானத்தில் புகழ் பெற்ற பெயரோடு, செய்தி அறையில் கடைநிலைப் பயிலுநராக உட்கார ஒருவர் மனம் ஒப்புவது அரிது.

1960-இல் பிபிசி வானொலியில் முதல் வர்ணனை. 1963-இல் பிபிசி தொலைக்காட்சி. 1964-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு. ஓய்வுக்குப் பின் என்ன செய்வது என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. எட்டு ஆண்டுகளாகவே அதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

அவருடைய வர்ணனையில் அப்படி என்ன தனிச்சிறப்பு?

படத்தில் தெரிவதை அவர் திருப்பிச் சொல்வதில்லை. வானொலியில் கேட்பவருக்குக் கண் இல்லை. பந்து எங்கே விழுந்தது, மட்டை எங்கே சென்றது, மைதானத்தில் வெயிலா மேகமா என்பதுவரை வர்ணனையாளர்தான் சொல்லியாக வேண்டும். காதில் டிரான்சிஸ்டரை ஒட்டிக்கொண்டு ஆகாசவாணி வர்ணனை கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு அதன் அருமை தெரியும். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குக் கண் இருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருப்பதையே சொல்வது அவருடைய கண்ணை அவமதிப்பதாகும். இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்து, அதையே தொழில் நெறியாக வைத்துக்கொண்டவர் பெனோ. திரையில் இருப்பதோடு எதையாவது கூட்ட முடிந்தால் பேசு, முடியாவிட்டால் வாயைத் திறக்காதே என்பதே அவர் பிறருக்குச் சொன்ன அறிவுரையின் சாரம்.

இளைய வர்ணனையாளர்களுக்கு அவர் சொல்லிவந்த வேறு சிலவும் உண்டு. உலகில் ‘நாங்கள்’ என்றோ ‘அவர்கள்’ என்றோ ஓர் அணி கிடையாது. அணியைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிட வேண்டும். ‘திரையில் நீங்கள் பார்ப்பதுபோல’ என்ற தொடர் கூடாது. டைட்டானிக் மூழ்கியது ஒரு சோகம், எத்தியோப்பியப் பஞ்சம் ஒரு பேரழிவு. தவறவிட்ட ஒரு கேட்சுக்கு அந்தச் சொற்களோடு எந்த உறவும் இல்லை. இந்தக் கடைசி அறிவுரையைக் குற்றச் செய்தி எழுதிய கை எழுதியது என்று நான் நம்புகிறேன். உண்மையான சாவுகளைப் பார்த்து எழுதியவருக்குத்தான் ‘பேரழிவு’ என்ற சொல்லின் விலை தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

1993 ஜூன் 4, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம். ஷேன் வார்ன் என்ற 23 வயது ஆஸ்திரேலிய இளைஞர், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட் தொடரில் தம் முதல் பந்தை வீசுகிறார். எதிரே மைக் காட்டிங்; சுழற்பந்தை நன்றாக ஆடக்கூடியவர். பந்து காற்றில் உள்நோக்கி வளைந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, மட்டையைக் கடந்து திரும்பி ஆஃப் ஸ்டம்பின் உச்சியில் பட்டுப் பெயிலைத் தட்டுகிறது. பிபிசியில் அப்போது ஒலிவாங்கி பெனோவின் கையில்.

முதலில், அவன் சாதித்துவிட்டான் என்ற பொருளில் ஒரு சிறு தொடர். அடுத்து, மிக அழகான ஒரு பந்தோடு தொடங்கியிருக்கிறார் என்று ஒரு வாக்கியம். பிறகு, அதற்கு என்ன நேர்ந்தது என்று காட்டிங்குக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்கிறார். நிறுத்துகிறார். காட்டிங் ஆடுகளத்தையும் நடுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. அந்த முகத்தை நாம் முழுதாகப் பார்த்து முடித்த பிறகு, தாழ்ந்த குரலில் மூன்று சொற்கள்: இன்னும் விளங்கவில்லை அவருக்கு.

பந்து எத்தனை அங்குலம் திரும்பியது என்றோ, நூற்றாண்டின் பந்து என்றோ அவர் கூவவில்லை. அந்தப் பட்டத்தைப் பின்னர் மற்றவர்கள் சூட்டினார்கள். இந்த இடத்தில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பந்தை வீசும் கலையைத் தம் விரல் கிழியக் கற்றவர் பெனோ. ஓரெய்லி தமக்குச் சொன்ன அதே அறிவுரையை, நன்றாகச் சுழலும் லெக் பிரேக்கையே முதலில் தேற்றிக்கொள் என்று, வார்னுக்கும் சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு, அதே ஓல்டு டிராஃபோர்டில் 1961-இல், வெற்றியை நோக்கி 1 விக்கெட்டுக்கு 150 என்று ஓடிக்கொண்டிருந்த இங்கிலாந்தை, விக்கெட்டின் மறுபுறத்திலிருந்து வீசி, காலடித் தடம் பதிந்த கரட்டு நிலத்தில் பந்தை விழச் செய்து, 70 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்துக் கவிழ்த்தவரும் அவரே. அன்று பீட்டர் மே காலுக்குப் பின்னால் திரும்பிய பந்தில் ஸ்டம்பை இழந்து பூஜ்யத்தில் வெளியேறினார். தாம் அறிந்த இவ்வளவையும் சொல்ல அவருக்கு அந்த 1993-ஆம் ஆண்டு நொடியில் எல்லா நியாயமும் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அந்த நொடி வார்னுக்கும் காட்டிங்குக்கும் உரியது என்று விட்டுவிட்டார்.

நகைச்சுவை உண்டா?

நிறையவே உண்டு, ஆனால் சிரிக்காமல் சொல்வார். 1981-இல் லீட்ஸில் இயன் போத்தம் ஆட்டமிழக்காமல் 149 ரன்கள் விளாசியபோது ஒரு சிக்ஸர் கூட்டத்துக்குள் பறந்தது. அதைத் துரத்துவது இருக்கட்டும், தேடவே வேண்டாம், நேராக மிட்டாய்க் கடைக்குள் போய் வெளியே வந்துவிட்டது என்றார். பந்து வீசுவதற்கு மட்டுமே அறியப்பட்ட கிளென் மெக்ரா 2 ரன்களில் ஆட்டமிழந்தபோது, சதத்துக்கு வெறும் 98 ரன்களே குறைவு என்றார்.

கடுமையாகப் பேசியதே இல்லையா?

பேசியிருக்கிறார். 1981 பிப்ரவரி 1, மெல்பர்ன். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தைச் சமன் செய்ய நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் 6 ரன்கள் வேண்டும். ஆஸ்திரேலிய அணித்தலைவர் கிரெக் சேப்பல், தம் தம்பி டிரெவரிடம் கையைத் தாழ்த்திப் பந்தைத் தரையில் உருட்டிவிடச் சொன்னார். அன்றைய விதி அதைத் தடுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் பெனோ கேமராவைப் பார்த்து, இது வெட்கக்கேடான செயல், கிரிக்கெட் மைதானத்தில் தாம் கண்ட மிக மோசமானவற்றுள் ஒன்று, இனி இப்படி நடக்கவே கூடாது என்றார். யார் யாருக்கு எத்தனை ஓவர் மிச்சம் என்ற கணக்கில் அணித்தலைவர் கோட்டைவிட்டதுதான் இந்த நிலைக்குக் காரணம் என்பதையும் எடுத்துக்காட்டினார்.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆண்டு முழுவதும் அளந்து பேசியவர் என்பதால், அன்று அவர் சொன்ன ‘வெட்கக்கேடு’ என்ற சொல் நாடு முழுவதும் எடுபட்டது. தம் நாட்டு அணியை, தம் நாட்டுத் தொலைக்காட்சியில், தம் நாட்டு மக்கள் முன்னால் அப்படிச் சொன்னார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கெர்ரி பேக்கரோடு அவர் சேர்ந்தது சரிதானா?

1977-இல் ஊடக முதலாளியான கெர்ரி பேக்கர், கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை தமக்குக் கிடைக்காததால், உலகின் முன்னணி வீரர்களை ஒப்பந்தம் செய்து ‘வேர்ல்டு சீரிஸ் கிரிக்கெட்’ என்ற போட்டித் தொடரையே தனியாகத் தொடங்கினார். அதற்கு ஆலோசகராக பெனோவையும், அவரும் மனைவி டாஃப்னியும் சேர்ந்து நடத்திய ஆலோசனை நிறுவனத்தையும் அமர்த்திக்கொண்டார். பழைய நண்பர்கள் பலர் இதைத் துரோகமாகக் கருதினார்கள்.

என் கருத்து இது. டெஸ்ட் வீரர்கள் அன்று பெற்ற ஊதியத்தில் குடும்பம் நடத்த முடியாது. பெனோவே ஆடிக்கொண்டிருந்த காலத்தில் செய்தித்தாளில் வேலை பார்த்தவர். வீரர்களின் பக்கம் நிற்பதாக அவர் எண்ணியதில் நியாயம் இருந்தது. பளிச்சென்ற விளக்கொளியில் இரவு ஆட்டம், வண்ணச் சீருடை, இரு முனைகளிலும் கேமரா ஆகியவை அங்கிருந்துதான் வேரூன்றின. அதற்கு முன் ஆஸ்திரேலிய ஒளிபரப்பில் ஒரு ஓவர் பந்து வீச்சாளரின் முதுகையும் மறு ஓவர் மட்டையாளரின் முதுகையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனினும், ஒளிபரப்பாளரின் ஆலோசகராக இருந்தவரே அந்த ஒளிபரப்பின் நடுநிலைக் குரலாகவும் இருந்தது ஒரு முரண்தான். பேக்கரின் தொலைக்காட்சியான சேனல் நைனின் வணிக நலனைத் தொடும் விஷயங்களில் அவர் பேசியது குறைவு. அவரை மதிப்பவர்களும் இதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த வெளிர்நிறக் கோட்டு?

சேனல் நைன் குழுவில் பில் லாரி, டோனி கிரெக், இயன் சேப்பல் முதலியோருக்கு நடுவில் தொகுப்பாளர் தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக அவருக்கு மட்டும் வெளிர் கிரீம் நிறக் கோட்டு. பின்னாளில் சிட்னி டெஸ்டில் நூற்றுக்கணக்கான ரசிகர்கள் அதே நிறக் கோட்டும் வெள்ளி நிறப் பொய்முடியும் அணிந்து, கையில் ஒலிவாங்கி மாதிரியோடு வரிசையாக உட்காருவது வழக்கமாயிற்று. 2 விக்கெட்டுக்கு 222 ரன்கள் என்ற ஸ்கோர் வந்தால் மைதானமே ஆரவாரம் செய்யும். கீழுதட்டைச் சற்றே பிதுக்கி அவர் அந்த எண்ணை உச்சரிக்கும் விதம் அவ்வளவு பேர் பெற்றது.

எத்தனை ஆண்டுகள் வர்ணித்தார்?

இங்கிலாந்தில் 1999 வரை பிபிசி, பின்னர் 2005 வரை சேனல் ஃபோர். ஆஸ்திரேலியாவில் 1977 முதல் 2013 வரை சேனல் நைன். இங்கே கோடை முடிந்தால் அங்கே கோடை. பல பத்தாண்டுகள் அவர் குளிர்காலத்தையே முழுதாகப் பார்த்ததில்லை. ஆட்டக்காரராகவும் வர்ணனையாளராகவும் சேர்ந்து சுமார் 500 டெஸ்ட் ஆட்டங்களில் இருந்தவர்.

இங்கிலாந்தில் 2005-ஓடு ஏன் நிறுத்தினார்?

அந்தக் கோடைக்குப் பிறகு இங்கிலாந்தின் டெஸ்ட் ஒளிபரப்பு, கட்டணம் செலுத்தியவர் மட்டும் பார்க்கும் ஸ்கை தொலைக்காட்சிக்குப் போயிற்று. அந்நாட்டில் 42 ஆண்டுகளாக எல்லோர் வீட்டுக்கும் இலவசமாகச் சென்ற ஒளிபரப்பில் மட்டுமே பணியாற்றியவர், அதிலேயே முடித்துக்கொள்ள விரும்பினார்.

விடைபெற்ற விதத்தைச் சொல்லியாக வேண்டும். 2005 செப்டம்பர் 12, லண்டன் ஓவல் மைதானம். ஆஷஸ் தொடரின் கடைசி நாள். கடைசி முறையாக ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, பார்த்து வந்த மக்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கியம் முடிவதற்குள் மெக்ராவின் பந்து கெவின் பீட்டர்சனின் ஆஃப் ஸ்டம்பைப் பெயர்த்தது. 158 ரன்கள் எடுத்திருந்தவர் போகிறார். பெனோ தம் பிரியாவிடையை அப்படியே நிறுத்தி, அதே தொனியில், விக்கெட் விழுந்ததைச் சொன்னார். ஸ்டம்ப் தரையிலிருந்து பிடுங்கப்பட்டு நிற்பதைச் சொன்னார். பீட்டர்சனின் ஆட்டத்தைப் பாராட்டினார். அதன் பிறகே எஞ்சிய நன்றியைச் சுருக்கமாக முடித்து ஒலிவாங்கியை அடுத்தவரிடம் கொடுத்தார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் கூட்டமும் வீரர்களும் அவர் இருந்த அறையை நோக்கிக் கைதட்டினார்கள்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

2013 அக்டோபரில் சிட்னியில் தம் பழைய சன்பீம் ஆல்பைன் காரை ஓட்டிச் சென்றபோது விபத்தில் சிக்கி எலும்பு முறிவுகளுக்கு ஆளானார். அடுத்த ஆண்டு நவம்பரில், தமக்குத் தோல் புற்றுநோய் இருப்பதை அவரே வெளியிட்டார். சிறுவயதில் தாம் வழிபட்ட கீத் மில்லர் தொப்பி அணிந்ததில்லை, அதனால் தாமும் அணிந்ததில்லை, அணிந்திருக்கலாம் என்று சொல்லி, இளைஞர்கள் வெயிலில் தலையை மறைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். 2015 ஏப்ரல் 10 அன்று, 84 வயதில், தூக்கத்திலேயே காலமானார். ஆஸ்திரேலிய அரசு முழு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்த முன்வந்தது. குடும்பத்தார் நன்றி கூறி மறுத்து, நெருங்கியவர்களோடு எளிமையாக நடத்திக்கொண்டார்கள்.

புதிதாகக் கேட்பவர் எந்தப் பதிவில் தொடங்கலாம்?

காட்டிங் பந்தில் தொடங்குங்கள். ஓவல் விடைபெறலை அடுத்துக் கேளுங்கள். மூன்றாவதாக, ஃபிலிப் ஹியூஸுக்காக அவர் பேசிய அஞ்சலி. 2014 நவம்பரில், உள்நாட்டு ஆட்டமொன்றில் 63 ரன்களுடன் ஆடிக்கொண்டிருந்த ஹியூஸ், கழுத்தில் பந்து பட்டு இரண்டு நாளில் இறந்தார். 26-ஆவது பிறந்த நாளுக்கு மூன்று நாட்களே இருந்தன. டிசம்பர் 9 அன்று அடிலெய்டில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் தொடங்குவதற்கு முன் ஒளிபரப்பான அந்தப் பதிவில் பெனோவின் குரல் நைந்திருக்கிறது. நோய் அவரை ஏற்கெனவே பிடித்திருந்தது. ஹியூஸின் வயதையும், ஆஸ்திரேலியாவின் 408-ஆவது டெஸ்ட் வீரராக அவர் பெற்ற அணித் தொப்பியின் எண்ணையும், யாருக்கு மகன், யாருக்கு உடன்பிறந்தவன் என்பதையும் ஒவ்வொரு சொல்லாக வைக்கிறார். ‘சோகம்’ என்ற சொல்லோ ‘பேரழிவு’ என்ற சொல்லோ அதில் எங்கும் இல்லை. ஒரு தாத்தா பேரனிடம் பேசுவதைப்போல, அமைதியாக உறங்கு மகனே என்று முடிகிறது.